மாத்திரையா, மெஷினா, நரம்பு அறுவையா? பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறு உள்ள வீட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது

அக்கா மகளுக்கு அப்போது 15 வயது. தீபாவளி அன்று விடிகாலை, பெரம்பூரில் அவர்கள் தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். வாசல்படியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "என்னம்மா ஆச்சு?" என்று தெளிவாகக் கேட்டாள். சாவிதான் காப்பாற்றியது என்று தெருவே நம்பியது.

கூட்டிப்போன கிளினிக்கில் பிட்ஸ் என்றார்கள். மூளை ஸ்கேன் நார்மல், இஇஜி நார்மல். அப்படியும் ஓராண்டு வலிப்பு மாத்திரை சாப்பிட்டாள். ஒரு இசிஜி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை, காலை 5 மணிக்குத் தலைமாட்டில் செல்போன் அலாரம் அலறியபோது கட்டிலிலேயே நினைவிழந்தாள். அன்று பார்த்த ஓர் இளம் டாக்டர்தான், "ரெண்டு தடவையும் திடீர்னு சத்தம் கேட்டப்புறம்தான் விழுந்தாளா?" என்று கேட்டு, இசிஜி எடுக்கச் சொன்னார்.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. ரோஸ் நிறக் கட்டத்தாள். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்டு. கூர்முனை தொடங்கும் இடத்திலிருந்து அதற்குப் பின்னால் வரும் மேடு தரையைத் தொடும் இடம் வரை, டாக்டர் பேனா நுனியை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். 12 கட்டம் தாண்டிப் போனது. இந்த இடைவெளிக்குத்தான் க்யூடி என்று பெயர். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்த்ததில் 490 மில்லி செகண்டு. பெண்களுக்கு 460 வரை இருக்கலாம். "லாங் க்யூடி" என்றார், அந்த இடைவெளி நீண்டுபோகும் கோளாறு. பிறகு செய்த மரபணுப் பரிசோதனையில் இரண்டாம் வகை என்று உறுதியானது.

அதன் பிறகுதான் குழப்பம். ஒரு மருத்துவர், "ரிஸ்க் வேண்டாம், உடனே ஐசிடி வைத்துவிடலாம்" என்றார், இதயம் தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் மெஷின் அது. இன்னொருவர், "முதலில் மாத்திரை, ஒழுங்காகச் சாப்பிடட்டும், பார்ப்போம்" என்றார். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் கேட்டதும் படித்ததும், இதே இடத்தில் வந்து நிற்கும் இன்னொரு குடும்பத்துக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்குப் பொதுவான பதில் கிடையாது. என்ன வகைக் கோளாறு, இதுவரை என்ன நடந்திருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு வரவேண்டும். பயத்தை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தப்பாகப் போகும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் செல்கள் அடுத்த துடிப்புக்காகச் சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறும் வாசல்களில் பிறவிக் குறை இருந்தால் இந்தச் சார்ஜ் ஏற நேரம் அதிகமாகும். அதற்குள் ஓர் அதிர்ச்சியில் அட்ரினலின் பாய்ந்து, தப்பான நேரத்தில் ஒரு துடிப்பு விழுந்தால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. உடம்பு வெட்டி இழுப்பது அதனால்தான். நடுக்கம் தானாக நின்றால் அது மயக்கம். நிற்காவிட்டால் திடீர் மரணம். நடந்தது இரண்டிலும் ஒன்றேதான். இதை எங்களுக்குப் புரியவைத்த அன்று அக்கா அழுதுவிட்டாள், அந்தச் சாவிக்கொத்தை நினைத்து.

ரத்தக்குழாய் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்கோவில் இதயம் அழகாக வேலை செய்யும், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருக்கும். "போன மாசம்தானே எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம்" என்று குடும்பங்கள் கதறுவது இதனால்தான். வலிப்பு வந்தவர் எழுந்த பிறகு வெகு நேரம் குழம்பி, அசந்து கிடப்பார். இதயத்தால் விழுந்தவர் முகம் வெளுத்து விழுந்து, சட்டென்று தெளிந்துவிடுவார். சத்தம், ஓட்டம், நீச்சல், கோபம், அழுகை என்று ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் விழுந்திருந்தால் இசிஜி கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய் விஷயம்.

சரி, முடிவுக்கு முன்னால் ஒரு வேலை. மாத்திரை, மெஷின் பேச்சுக்கு முன்பே குடும்பத்தில் எல்லோருக்கும் இசிஜி எடுக்க வேண்டும். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் விஷயத்தில் அது அக்கா வீட்டுக்காரர் பக்கம். அவருடைய தங்கை, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், மூன்றாம் மாதம் ஒரு விடிகாலை குழந்தை வீறிட்டபோது எழுந்து, தொட்டிலுக்கு அருகிலேயே விழுந்து இறந்துபோனாள். பிரசவ பலவீனம் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். இரண்டாம் வகை லாங் க்யூடி உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்தான் மிக ஆபத்தானவை என்று பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. உங்கள் குடும்பத்தில் 40 வயதுக்குள் தூக்கத்தில், தண்ணீரில், விளையாட்டு மைதானத்தில் யாராவது போயிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் வராதீர்கள். மயங்கி விழுந்த கதையைவிட அந்த ஒரு தகவலுக்கு எடை அதிகம்.

இசிஜியா, மரபணுப் பரிசோதனையா என்று கேட்டால், இரண்டுக்கும் வேலை வேறு. மரபணுவில் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி நார்மலாகவே இருக்கும். அதனால் வெறும் இசிஜியை நம்பி ஒருவரை "உனக்கு ஒன்றுமில்லை" என்று விட முடியாது. மரபணுப் பரிசோதனையை முதலில் நோய் உறுதியான ஆளுக்குச் செய்ய வேண்டும். லாங் க்யூடி உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் காரணமான மாற்றம் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். முதல் ஆளுக்குக் கிடைக்காமல் மற்றவர்களுக்குச் செய்வது வீண். ரிப்போர்ட்டில் "பொருள் நிச்சயமில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது. இன்னொன்று: பிறவியிலேயே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் அன்றைக்கே இசிஜி எடுங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறை வந்து சேரும் ஒரு கடுமையான வகை இருக்கிறது, 1957-இலேயே விவரிக்கப்பட்டது. நம்மிடம் சொந்தத்தில் கல்யாணம் அதிகம் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி மாத்திரை. பீட்டா பிளாக்கர் என்ற குடும்பம். அட்ரினலின் இதயத்தை உலுக்காமல் தடுப்பதுதான் வேலை. இதில் ப்ரோப்ரனலால், நாடோலால் இரண்டுக்கும்தான் முன்னுரிமை. நாடோலால் நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. ப்ரோப்ரனலால் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. "எல்லாம் ஒரே மருந்துதான்" என்று மெட்டோப்ரோலாலோ அட்டினலாலோ மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த நோயில் அவை அதே அளவு காப்பதில்லை. முதல் வகைக்கு மாத்திரை பிரமாதமாக வேலை செய்கிறது. இரண்டாம் வகைக்கும் நன்றாகவே காக்கிறது, முதல் வகை அளவுக்கு இல்லை. மூன்றாம் வகையில் மெக்சிலெட்டின் என்ற வேறொரு மருந்துக்கும் இடம் உண்டு.

மாத்திரையின் பலவீனம் அதைச் சாப்பிடும் ஆளிடம் இருக்கிறது. தினமும், வாழ்நாள் முழுக்க. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டேன், பரீட்சை நேரத்தில் தூக்கம் வருகிறது என்று நிறுத்தினேன் என்பதற்கெல்லாம் இதில் இடமில்லை. திடீரென்று நிறுத்தினால் அட்ரினலின் இன்னும் வேகமாகத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிக்கல், முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணுக்கு முதல் ஒரு மாதம் டியூஷனில் கண் சொக்கியது, விரல் நுனி சில்லிட்டது. அளவை மெதுவாக ஏற்றியதும் பழகிவிட்டது.

மாத்திரையோடு சேர்ந்தே வரும் இன்னொரு பாதி, எதைச் சாப்பிடக் கூடாது என்பது. உயிரைக் காப்பதில் இதற்குச் சரிபாதி பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். நம் மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கைமாறும் எத்தனையோ மருந்துகள் க்யூடியை நீட்டக்கூடியவை. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு ஆஃப்லாக்சசின், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், படைக்கு ஃப்ளூகோனசோல், வாந்திக்கு ஆன்டான்செட்ரான். வயிற்று உப்புசத்துக்கு எல்லோரும் வாங்கும் பான் டி-யில் இருக்கும் டாம்பெரிடோனும் இதில் சேர்த்தி. வாந்தி, பேதியில் பொட்டாசியம் இறங்குவதே ஆபத்து. அதன் மேல் இந்த மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதன் சிறிய நகல் ஒன்று பெண்ணின் பஸ் பாஸ் உறைக்குள் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறாள். வயிறு சரியில்லை என்றால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர். கொஞ்சம் மோசமானாலும் ஆஸ்பத்திரி. தலைமாட்டில் செல்போன் கிடையாது. அவளை எழுப்புவது அம்மாவின் கை, தோளில் மெதுவாக. முதல் வகையாக இருந்திருந்தால் அலாரத்தைவிட மெரினா நீச்சல் குளத்துக்குத்தான் பயந்திருப்போம். அந்த வகையில் நீச்சலும் ஓட்டமும்தான் எதிரி.

இப்போது மெஷின். ஐசிடி. தன் ஆசான் இப்படித் தாறுமாறான துடிப்பில் இறந்ததைப் பார்த்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கி, 1980-இல் பால்டிமோரில் முதன்முதலாக ஒரு மனித உடம்பில் பொருத்தப்பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி. இதயம் நடுங்குவதைக் கண்டதும் சில நொடிகளில் ஷாக் கொடுத்து நேராக்கும். ஒருமுறை இதயம் நின்று உயிர் பிழைத்தவர்களுக்கு இதை வைத்தே ஆகவேண்டும், அதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மயங்கி விழுகிறவர்களுக்கும் அப்படித்தான். 2022-இல் வெளியான ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள், "வயசுப் பொண்ணு, தழும்பு தெரியும், வரன் வராது" என்று தள்ளிப்போடுவதைக் கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது.

ஆனால் மெஷின் நடுக்கத்தை வராமல் தடுப்பதில்லை, வந்த பிறகு நிறுத்துகிறது. அதனால் மெஷின் வைத்தாலும் மாத்திரை நிற்காது. எங்களுக்கு முதலில் இது தெரியாது; "மெஷின் வச்சிட்டா மாத்திரைத் தொல்லை விட்டது" என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். தேவையில்லாத நேரத்திலும் சில சமயம் ஷாக் அடிக்கும். நெஞ்சில் உதைத்தது போல இருக்கும் என்கிறார்கள். அந்தப் பயத்தில் அட்ரினலின் ஏறி, அடுத்த நடுக்கமும் அடுத்த ஷாக்கும் என்று தொடர்ச்சியாகப் போவதும் உண்டு. பேட்டரி ஏழிலிருந்து பத்து ஆண்டு வரும், சிலதில் கூடுதலாகவும் வரும். 16 வயதில் வைத்தால் வாழ்நாளில் ஐந்தாறு முறை திறந்து மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் கிருமித் தொற்று அபாயம் இருக்கிறது.

மெஷினிலேயே இரண்டு விதம். பழைய முறையில் காறையெலும்புக்குக் கீழே பெட்டி, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒயர். இளம் வயதினரின் அசைவில் அந்த ஒயர் காலப்போக்கில் பழுதாகும். பிடுங்கி மாற்றுவது பெரிய வேலை. புதிய முறையில் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே, ஒயர் தோலுக்கடியில் நெஞ்செலும்பின் ஓரமாகப் போகும்; இதயத்தைத் தொடாது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ப்ரிட்டோரியன் ஆய்வு 2020-இல் வந்தது. 849 பேர். கருவி சார்ந்த சிக்கல் புதியதில் 5.9 சதவீதம், பழையதில் 9.8. தேவையற்ற ஷாக் புதியதில் 9.7, பழையதில் 7.3. ஆனால் அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்த, இதயம் பலவீனமான நோயாளிகள். நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. லாங் க்யூடியில் அந்தக் கடைசி மேடு பெரிதாகவோ வளைந்தோ இருப்பதால், தோலடி மெஷின் அதையே இன்னொரு துடிப்பு என்று எண்ணி ஏமாறலாம். வைப்பதற்கு முன் அதற்கான இசிஜி சோதனை செய்துதான் முடிவெடுப்பார்கள். அதோடு, தோலடி மெஷின் மெதுவான துடிப்புக்கு பேஸ்மேக்கராக வேலை செய்யாது. மெதுவான துடிப்பும் உள்ளவருக்குப் பழைய முறைதான்.

வீட்டில் என்ன மாறும் என்று அக்கா கேட்டாள். இன்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, ஒரு சாண் தூரம் போதும். மால் வாசல் மெட்டல் டிடெக்டரில் நிற்காமல் நடந்துவிடலாம். மெட்ரோவில் போகலாம், படிக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம்.

"அந்த இடத்துல பிளவுஸ் டைட்டா இருந்தா வலிக்குமா மாமா?" என்று பெண் கேட்டாள். எந்த டாக்டரிடமும் கேட்கத் தோன்றாத கேள்வி. அடுத்த முறை போனபோது கேட்டோம். அக்குள் பக்கம் வைப்பதில் ஆரம்பத்தில் உரசும், தையலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. இடது பக்கம், கழுத்துக்கும் மார்புக்கும் இடையில் இறங்கும் ஒரு நரம்பு முடிச்சின் கீழ்ப்பாதியையும் அதற்குக் கீழே உள்ள சில முடிச்சுகளையும் எடுத்துவிடுவது. இதயத்துக்கு அட்ரினலின் கட்டளை போகும் பாதை அது. லாங் க்யூடிக்கு இதைச் செய்த முதல் மருத்துவக் கட்டுரை 1971-இல் வெளியானது. இப்போது சின்னத் துளைகள் வழியாகவே செய்கிறார்கள். உள்ளே கருவி எதுவும் தங்காது. மயக்கங்களை வெகுவாகக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. பக்க விளைவாக இடது கை வறண்டுபோகலாம், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வியர்க்கலாம், கண் இமை லேசாகத் தொங்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மெஷின் அடிக்கடி அடித்து வதைக்கிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. இதயம் நின்று பிழைத்தவருக்கு மெஷினுக்குப் பதிலாக இதை மட்டும் செய்வது போதாது.

இவ்வளவும் லாங் க்யூடிக்கு. மற்ற கோளாறுகளில் கணக்கு மாறும். ப்ருகாடா என்று ஒன்று, 1992-இல் இரண்டு சகோதரர்கள் விவரித்தது. அதிகமும் ஆண்களை, தூக்கத்தில், காய்ச்சலில் தாக்கும். அதற்குப் பீட்டா பிளாக்கர் உதவாது. ஆபத்து அதிகமென்றால் மெஷின். அறிகுறி இல்லாதவருக்கு, காய்ச்சல் வந்தால் உடனே பாராசிட்டமால், இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி, இதுதான் முதல் மருத்துவம். மழைக்காலத்து டெங்கு காய்ச்சலை இவர்கள் வீட்டில் போர்த்திப் படுத்து ஓட்டக் கூடாது. சிபிவிடி என்று இன்னொன்று, சிறு பிள்ளைகள் ஓடும்போதும் அழும்போதும் விழுவது. சாதாரண இசிஜி முற்றிலும் நார்மலாக இருக்கும், டிரெட்மில் டெஸ்ட்டில்தான் பிடிபடும். அதில் மெஷின் ஷாக்கே அடுத்த நடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதால் பீட்டா பிளாக்கர், ஃப்ளெகனைடு என்ற இன்னொரு மருந்து, நரம்பு அறுவை மூன்றையும் முழு மூச்சாக முயன்ற பிறகே மெஷினை யோசிப்பார்கள். இதயம் ஒருமுறை நின்றவர் மட்டும் விலக்கு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. மாத்திரைக்கு மாதம் சில நூறு. மெஷினுக்கு லட்சங்கள், தோலடி மெஷினுக்கு இன்னும் கூடுதல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. சென்ட்ரல் எதிரில் இருக்கும் பெரியாஸ்பத்திரியிலும், ஸ்டான்லியிலும் இதயத் துறை இருக்கிறது. அட்டையோடு போய் எந்தக் கருவி, எவ்வளவு வரை என்று காப்பீட்டு கவுன்ட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியாரில் வைப்பதாக இருந்தால் இன்றைய விலையோடு பேட்டரி மாற்றும் விலையையும் கேளுங்கள்.

எங்கள் பெண்ணுக்கு இதயம் நின்றதில்லை. விழுந்த இரண்டு முறையும் இதற்கான மாத்திரை அவள் உடம்பில் இல்லை. க்யூடி 500-க்குக் கீழே. அதனால் ப்ரோப்ரனலால் என்று முடிவு செய்தோம். மெஷின் சொன்ன டாக்டரிடமும் திரும்பப் போய்ச் சொன்னோம், கோபித்துக்கொள்ளவில்லை. "சாப்பிட்டும் ஒருமுறை மயங்கினால், அன்றைக்கே வந்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் அதை அந்த ஃப்ரிட்ஜ் பட்டியலுக்குக் கீழே தன் கையால் எழுதி வைத்தார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வீட்டில் எல்லோரும் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். விழுந்தவர் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு விக்கல் போல் இழுக்கிறது என்றால் சாவியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 வரை, உதவி வரும்வரை நிறுத்தாமல். ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைகிறது. அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். பள்ளியில் வகுப்பு ஆசிரியைக்கும் பி.டி. மாஸ்டருக்கும் நாங்கள் நேரில் போய்ச் சொன்னோம்.

அக்கா வீட்டு ஹாலில், சோபாத் திண்டைத் தரையில் போட்டு எல்லோரும் பழகினோம். எதிர்வீட்டு அம்மாவும் வந்திருந்தார். முதலில் தயங்கினார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 108 அழுத்தம். "சரியாப் பண்ணேனா தம்பி?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.